உது சாப்பிட்டதே?

வெந்நீர் ஊற்றிய முதல் நிமிடத்தில் அந்தப் பழுப்புக் கட்டியிடம் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஓரங்கள் உப்பின. மேலே ஒரு விரிசல் ஓடியது. செங்கல் அளவு இருந்தது பேசின் விளிம்புவரை பொங்கி, சமையலறை முழுக்க ஊறிய தேங்காய் மட்டையின் வாசம். பையன் முழங்கை வரை கையை விட்டுக் கிளறினான். அவனுடைய அம்மம்மா காலி உறையை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டினார்.

“சிறீலங்கா எண்டு கிடக்கு. உது எங்கட தும்புத்தூளெல்லே?”

“ஓம் அம்மம்மா.”

“இதுக்குக் காசு குடுத்தனியே?”

“ரெண்டு கட்டி எட்டுப் பவுண்.”

அம்மம்மா மாங்குளத்துக்காரர். வளவுக்குள் கேட்பாரில்லாமல் மட்கிக் கிடந்த பொருள் கடல் தாண்டி வந்து எட்டுப் பவுண் கேட்பதைப் பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்திருக்கும். சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பேசினிலிருந்து ஒரு பிடி அள்ளி அழுத்தினார். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது. “கூடிப்போச்சு.” பழைய சாரத் துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் கொட்டி முறுக்கிப் பிழிந்தார். மறுபடி ஒரு பிடி. இம்முறை பிடித்த வடிவம் உள்ளங்கையில் கலையாமல் நின்றது, ஒரு சொட்டும் கசியவில்லை. “இந்த ஈரம் காணும்.”

பையன் கைபேசியைப் பார்த்தான், அம்மம்மாவின் கையைப் பார்த்தான். சிலந்தி வளர்ப்பவர்கள் எழுதி வைத்திருந்த அளவும் அதுவேதான்.

ஈஸ்ட் ஹாமில் இந்த வீட்டின் மேல்மாடிப் பின்னறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். சமையலறையும் குளியலறையும் பொது. அதிகம் பேசாதவன் என்று பெயர் எடுத்துவிட்டதால், நான் டீ போட்டுக்கொண்டு நின்றாலும் அவர்கள் சண்டையை நிறுத்துவதில்லை. அந்த வாரத்துச் சண்டை டரான்டுலாவைப் பற்றியது. உயர்தரப் பரீட்சையை ஒழுங்காக எழுதினால் கேட்டதை வாங்கித் தருவதாகத் தகப்பன் எப்போதோ வாய்விட்டிருந்தார். பையன் கேட்டது சிலந்தி. தகப்பனுக்கு இரவு வேலை, பகல் தூக்கம். வாக்கு அவருடையது, வீடு தாயுடையது. தாய் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: “உது வெளியில வந்தா நீயும் வெளியில.”

வரப்போவது ‘கர்லி ஹேர்’ என்று வளர்ப்பவர்கள் அழைக்கும் வகை. நிகரகுவா, கோஸ்டாரிகா, ஹோண்டுராஸ் பக்கத்துக் காடுகளில் மண்ணில் வளை தோண்டி வாழ்வது. இது வளர்ப்பில் பிறந்த இளம் பெட்டை. காலை விரித்தால் 10 சென்டிமீட்டர். பெட்டை என்று உறுதி சொன்னதால் விலை கூட. ஆண் முதிர்ச்சியடைந்த பிறகு அதிக காலம் இருப்பதில்லை. பெட்டை 20 ஆண்டுகளையும் தாண்டக்கூடும். இந்தச் செய்தியைப் பையன் அந்தச் சமயத்தில் தாயிடம் சொல்லவில்லை.

கண்ணாடிப் பெட்டி 30 சென்டிமீட்டர் சதுரம், உயரமும் அதே. அதில் பாதி உயரத்துக்குத் தும்புத்தூளைக் கொட்டி, கைமுட்டியால் அழுத்தி அழுத்தி இறுக்கினான். அவ்வளவு மண் எதற்கென்று தங்கச்சி கேட்டாள். சிலந்திக்கு உயரம்தான் எமன் என்றான். இது மரத்தில் வாழும் வகையல்ல. ஆனாலும் கால் நுனியில் உள்ள மயிர் மெத்தையால் கண்ணாடியில் ஏறிவிடும். ஏறி, பிடி விட்டு விழுந்தால் பின்வயிறு வெடித்துவிடும். அந்தத் தோல் அவ்வளவு மெல்லியது. அதனால் மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே சிலந்தியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி வைக்கக் கூடாது. பெட்டியோடு வந்த கம்பிவலை மூடியையும் கழற்றினான். வலைக்கண்ணில் கால் நகம் மாட்டிக்கொள்ளுமாம். பதிலுக்கு அக்ரிலிக் தகடு ஒன்றில் காற்றுக்குத் துளை போட்டான். கடைக்காரர் கூடவே விற்ற சூட்டு விரிப்பு பிரிக்கப்படாமலே கட்டிலடிக்குப் போனது. காட்டில் மேலே வெயில் என்றால் சிலந்தி மண்ணுக்குள் இறங்கித் தப்பிக்கும். விரிப்பைப் பெட்டிக்கு அடியில் வைத்தால் தப்பிக்க இறங்குகிற இடமே அடுப்பாகிவிடும். ஆள் இருந்து சிரமப்படாத அறைச் சூடு அதற்கும் போதும்.

ஒரு மூலையில் கார்க் மரப்பட்டையைக் கவிழ்த்துப் பாதி புதைத்து, அடியில் விரலால் ஒரு வழி தோண்டி விட்டான். எதிர் மூலையில் ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு. இந்த அளவில் நிறுத்தியிருக்கலாம். பதினெட்டு வயது அல்லவா, ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டையும் ஒரு செயற்கைப் பெரணியையும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டான்.

கூரியர் பெட்டி காலையில் வந்தது. குடியேற்றம் குளியல் தொட்டியில் நடந்தது. வடிகாலை அடைத்து, கதவிடுக்கில் துவாய் சொருகி, கண்ணாடிப் பெட்டியைத் தொட்டிக்குள் இறக்கினான். சிலந்தி பாய்ந்து ஓடினாலும் தொட்டிக்குள்தான் சுற்றும் என்பது கணக்கு. “அங்கிள், டோர்ச்சைப் பிடிக்கிறீங்களே?” பிடித்தேன்.

தெர்மோகோலுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஈரத் துடைப்பத்தாள். டப்பாவின் வாயை மரப்பட்டையின் வாய்க்கு நேராகச் சாய்த்து, மூடியை எடுத்து, இடுக்கியால் தாளை ஒவ்வொரு மடிப்பாகத் தள்ளினான். முதலில் ஒரு கால் தெரிந்தது. கருப்பும் இல்லை பழுப்பும் இல்லை, இரண்டுக்கும் மேலே வெண்கல நிறத்தில் நீண்ட மயிர், ஒவ்வொன்றும் நுனியில் சுருண்டு. பிறகு மீதிக் கால்கள். அது அசையவில்லை. அவன் ஓவியத் தூரிகையால் பின்னங்காலைத் தொட்டான். ஓரடி நகர்ந்தது. மீண்டும் தொட்டான். இந்தத் தடவை தூரிகை சற்றே மேலேறிப் பின்வயிற்றில் பட்டுவிட்டது. பின்னங்கால் ஒன்று வயிற்றின் மேல் விறுவிறுவென்று உரசியது. அந்த அதிர்வு நின்றபோது விளக்கொளியில் தூசு மாதிரி ஏதோ மிதந்தது.

“தலையை எடுங்கோ அங்கிள்!”

எடுத்தேன். அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களில் பெரும்பாலானவற்றின் முதல் ஆயுதம் பல் அல்ல, இந்த மயிர். முள் வைத்த நுண்மயிர்களை வயிற்றிலிருந்து உதைத்துக் கிளப்பும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் கதை வேறு. லீட்ஸ் நகரில் ஒருவர் தன் சிலந்தியின் கண்ணாடித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மயிர் கண்ணில் பாய்ந்து கருவிழியில் குத்தி நின்றது. கண் சிவப்பு நீங்காமல் மருத்துவமனைக்குப் போனவரின் விவரத்தை 2010இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது. பையனுக்கு மணிக்கட்டோடு போயிற்று. சிவந்து தடித்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தான். தாயின் முன்னால் அன்று முழுக்க நீளக்கை சட்டை.

சிலந்தி மரப்பட்டையின் வாசலுக்கு வந்து, முன்கால் ஒன்றை மண்ணில் வைத்தது, எடுத்தது. இன்னொரு இடத்தில் வைத்தது. அதற்குக் கண் எட்டு, பார்வை சொற்பம். இருட்டு வெளிச்சம் பிரிக்கும், அதற்குமேல் பெரிதாக இல்லை. தொடுவதும் ருசிப்பதும் நில அதிர்வைக் கேட்பதும் எல்லாம் காலில்தான். கால் வைத்துப் பார்த்த தும்புத்தூள் அதற்குப் பிடிக்கவில்லை போல. அவ்வளவு பாடுபட்டுச் செய்த குகையைத் தாண்டிப் போய், கண்ணாடியில் ஏறி, மேல் மூலையில் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அங்கேயே இருந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும்.

பெட்டி பையனின் அறையில், என் அறைக்கு எதிரே. கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது தாயின் உத்தரவு. குளியலறைக்குப் போகும்போதெல்லாம் நான் பார்ப்பது சிலந்தியை அல்ல, பையனின் முதுகை. டார்ச்சோடு குனிந்த முதுகு. மூடியைத் திறந்து மூடும் ‘டக்’ சத்தம். ஒருநாள் மரப்பட்டையைத் திருப்பி வைத்தான். இன்னொரு நாள் பெரணியை இடம் மாற்றினான். ஈரம் போதவில்லையோ என்று தண்ணீர் தெளித்தான். சிலந்தி காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது. வளர்ப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, புதிதாக வந்ததை ஒரு வாரமாவது தொடாதே, திறக்காதே, தீனி போடாதே என்பதுதான். அவன் அதை வாசித்திருந்தான். தங்கச்சிக்கு உரக்க வாசித்தும் காட்டியிருந்தான்.

அம்மம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தது அப்போதுதான். முழங்கால் வலியால் மாதக்கணக்கில் மேலே வராதவர். கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்து, பேரனைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கல்யாணம் முடிஞ்சு வந்த பொம்பிளையை முதல் கிழமையே ஆரும் டோர்ச் அடிச்சுப் பாக்கிறதே? போ, போய்க் கீழ இருந்து டிவியைப் பார்.”

“அது சாப்பிடேல்ல அம்மம்மா.”

“பசிச்சால் தின்னும். நீ எழும்பு.”

அவன் எழுந்து போனான். அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், “இருங்கோ தம்பி,” என்று கட்டில் நுனியைக் காட்டினார். ஊரில் இதைவிடப் பெரிதைக் கண்டிருக்கிறாராம். மழை பிடித்தால் கூரையிலிருந்து சுவருக்கு இறங்கும், கால்களில் மஞ்சள் பட்டை, பிள்ளைகளைக் கிட்டப் போக விடமாட்டார்களாம். அதன் கடிக்குத் தசைப் பிடிப்பு வந்து ஆள் துடித்துப்போகும்.

அவர் சொன்னது பொசிலோதீரியா பேரினத்துச் சிலந்தியாக இருக்க வேண்டும். மரப்பொந்திலும் பழைய கட்டிடத்திலும் குடியிருப்பவை, இந்தியாவுக்கும் இலங்கைக்குமே உரியவை. அவற்றில் ஒன்றை மாங்குளத்திலேயே கண்டுபிடித்து 2012இல் புதிய இனமாக எழுதினார்கள். மரங்கள் போக, ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் விடுதியிலும் அது இருந்தது. இக்கரையில் ராமேஸ்வரத்தில் ஒரு கோயில் தோப்பிலிருந்து இன்னொன்று, 2004இல், அந்தக் கோயிலின் பெயரோடே. அதே இனம் பிற்பாடு அக்கரையில் மன்னாரிலும் கிடைத்தது. புளியும் பனையும் வெட்ட வெட்ட வீடிழப்பவை. 2019இல் அந்தப் பேரினம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். இதையெல்லாம் அம்மம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் தன் ஊர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் குறுக்கிடவில்லை.

சனிக்கிழமை காலையில் தாய் ஹூவரோடு வந்தார். பெட்டியின் பக்கம் பார்க்காமலே அறையைச் சுத்தம் செய்வதை ஒரு கலையாகவே பழகியிருந்தார். மெஷின் உறுமத் தொடங்கியதும் மூலையில் இருந்தது வெடுக்கென்று ஒடுங்கி, எல்லாக் கால்களையும் முகத்தின் மேல் மடித்துக்கொண்டது. மேசைக் காலில் ஹூவர் ஒருமுறை இடித்தது. கால்கள் இன்னும் இறுகின. அவர் பார்த்துவிட்டார். சுவிட்சை அணைத்தார். ஒரு நிமிடம் கழித்து, நிதானமாக, முன்னங்கால் ஒன்று முகத்திலிருந்து விலகியது. மறுபடி போட்டார். மறுபடி ஒடுங்கியது. அணைத்துவிட்டுக் கீழே போனார்.

அடுத்த சனிக்கிழமை தும்புத்தடியோடு வந்து கூட்டினார். யாரிடமும் ஏதும் சொல்லவில்லை.

அதற்குள் சிலந்தி மண்ணில் இறங்கியிருந்தது. பையன் தீனி வாங்கி வந்தான், ஒரு டப்பா நிறையச் சில்வண்டு. ‘சத்தமில்லாத வகை’ என்ற பெயரிலேயே விற்கிறார்கள். ஒன்றைப் போட்டான். அது சிலந்தியின் காலேறி இறங்கித் தண்ணீர்த் தட்டில் மீசையை நனைத்தது, சிலந்தி கண்டுகொள்ளவில்லை. விட்டுவைக்கக் கூடாது. சிலந்தி தோலுரிக்கும் நேரமாக இருந்தால் தின்ன வந்தவன் தின்னப்படுவான், மெத்தென்று கிடக்கும் உடலைச் சில்வண்டு கடித்துவிடும். காலையில் இடுக்கியால் எடுக்கும்போது நழுவி, படியில் குதித்து, குசினிக்குள் போய் மறைந்தது. அன்றிரவு பிரிட்ஜின் பின்னாலிருந்து பாடியது. சத்தமில்லாத வகை விடிய விடியப் பாடியது.

“சிலந்தி எண்டுதானே சொன்னனீ? கச்சேரிக்கு ஆர் காசு குடுத்தது?” என்றார் தாய்.

தோண்டுவதை நான் பார்த்தது தற்செயல். தூக்கம் வராமல் எழுந்தேன், இரண்டு மணி இருக்கும். பையன் குப்புறக் கிடந்து தூங்குகிறான். நடையின் மங்கல் விளக்கில் பெட்டிக்குள் மண் அசைந்தது. மரப்பட்டைக்கு அடியிலிருந்து சிலந்தி பின்பக்கமாக வெளியே வந்தது. திரும்பியபோது நச்சுப்பற்களுக்கும் முகத்தருகே உள்ள இரண்டு குட்டைக் கைகளுக்கும் நடுவே ஒரு மண் உருண்டை. நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு தூளும் சிந்தவில்லை. நேரே தண்ணீர்த் தட்டுக்குப் போனது, உருண்டையைத் தட்டுக்குள் வைத்தது, குட்டைக் கைகளால் தட்டித் தட்டி அமுக்கியது. பிறகு பின்முனையைத் தரையில் தாழ்த்தியது. அங்கே இரண்டு நூற்புக் காம்புகள், விரல்களைப் போலத் தனித்தனியே மடங்கி நிமிர்ந்து, வந்த வழியெல்லாம் வெள்ளையாய் ஒரு விரிப்பைப் பூசிக்கொண்டே போயின. உள்ளே போனது. பின்பக்கமாக வந்தது. அடுத்த உருண்டை மண்டையோட்டின் கண்குழிக்கு. நான் நின்ற நேரத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பக்கம் மூடியாயிற்று. பெரணி முன்பே சாய்ந்திருந்தது.

அலங்காரம் போயிற்று என்று மறுநாள் பையன் வருத்தப்படுவான் என நினைத்தேன். தட்டைக் கழுவி வைத்தவன், மண்டையோட்டைத் தொடவில்லை. அடுத்த காலையில் தட்டு மறுபடி மண்ணாக இருந்தது.

சென்னை விமான நிலையத்துக்கு 2021இல் போலந்திலிருந்து வந்த ஒரு தபால் பார்சல் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அருப்புக்கோட்டை முகவரி. பிரித்தால் சின்னச் சின்னக் குப்பிகளில், பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றி, உயிரோடு 107 சிலந்திகள். இறக்குமதி அனுமதியும் இல்லை, நலச் சான்றும் இல்லை. திருப்பி அனுப்பினார்கள். ஒன்றைக் குடியமர்த்தவே ஒரு வீட்டுக்கு இவ்வளவு நாள் பிடிக்கிறது.

ஆகஸ்டில் ஒருநாள் வளையின் வாசலை நூலும் மண்ணும் வைத்து உள்ளேயிருந்து அடைத்துக்கொண்டது. பையனுக்குச் சோறு இறங்கவில்லை. சிலந்தி காலை நீட்டுவது தசையால் அல்ல, உடல் திரவத்தின் அழுத்தத்தால். உயிர் போனால் அழுத்தம் போய் எட்டுக் காலும் உள்ளே சுருண்டுவிடும். அப்படிச் சுருண்டு கிடக்கிறதா என்று பார்க்கத் தோண்ட வேண்டும், தோண்டினால் தோலுரிப்பைக் கெடுத்துவிடலாம். தூரிகையைக் கையில் எடுப்பான், வைப்பான். அம்மம்மா கீழிருந்தே கேட்பார்: “உது சாப்பிட்டதே?” “இல்லை.” “திறந்தனியே?” “இல்லை.” “நல்லது.”

பரீட்சை முடிவு வந்த வாரத்தில் அடைப்பு உடைந்து, வாசலில் கழற்றிப் போட்ட சட்டை கிடந்தது. பல் வரைக்கும் முழுசாக. தங்கச்சி அதைப் பள்ளிக்குக் கொண்டுபோகத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். பையன் அவசரப்படவில்லை. புதுப் பல் வெள்ளையாகத்தான் வரும், சிவந்து, கறுத்துக் கெட்டியாகும்வரை அதனால் எதையும் குத்த முடியாது. பத்து நாள் விட்டு ஒரு சில்வண்டைப் போட்டான். அம்மம்மா மேலே வந்திருந்தார், தாய் கதவு நிலையோடு நின்றார். சில்வண்டு வாசலுக்கு முன்னால் நூல் விரிப்பில் கால் வைத்தது. அவ்வளவுதான் தெரிந்தது. அடுத்து அது அங்கே இல்லை.

“ஐயோ,” என்றார் தாய். பிறகு, “இன்னொண்டு போடன்.”

செப்டம்பரில் அவனுக்கு மான்செஸ்டரில் பல்கலைக்கழகம். விடுதியில் பிராணிகளுக்கு இடமில்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில் பொறுப்பு பிரித்தார்கள். இத்தனை வருடம் வாழும் என்ற செய்தி அப்போதுதான் வெளியே வந்தது. கூடவே, இதன் தூரத்து உறவான பொறிக்கதவுச் சிலந்தி ஒன்றை ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற அம்மையார் 1974 முதல் கவனித்து வந்தார், அது 43 வயது வரை இருந்தது என்றும் சொன்னான்.

“1974 எண்டால் எனக்குக் கல்யாணம் நடந்த வருசம்,” என்றார் அம்மம்மா. “உது என்னைத் தாண்டும்.”

“அம்மா, சும்மா இருங்கோ.” தாய் மகனிடம் திரும்பினார். “தண்ணி நான் விடுறன். தட்டை மண்ணாக்கினால் கழுவுவன். பூச்சி போடுறது அம்மம்மா. நான் அந்த டப்பாவைக் கையால தொட மாட்டன், குசினியிலயும் வைக்க விடமாட்டன்.”

“அப்ப எங்க வைக்கிறது?”

தாய் யோசித்தார். மேசையின் மறுமுனையில் நான் தட்டைக் கழுவ எழுந்துகொண்டிருந்தேன்.

“அண்ணையின்ர அறையில வை. அவர் ஒண்டும் சொல்ல மாட்டார்.”